நோட்டக்காவின் ஒரே தப்பு

மற்றவர்கள் மறப்பதையெல்லாம் மறக்காமல் இருப்பதற்கென்றே சினிமாவில் ஒரு வேலை உண்டு. காலையில் கதாநாயகி அழும்போது வலது கண்ணில் மை கலைந்திருந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மிச்ச அழுகையை அழும்போதும் அதே கண்ணில் அதே அளவுக்குக் கலைந்திருக்க வேண்டும். கோப்பையில் பாதி டீ இருந்தால் கடைசிவரை பாதி டீதான். இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறவரைக் கன்டினியூட்டி என்பார்கள். படம் பார்க்கிற யாருக்கும் அவரைத் தெரியாது. அவர் தப்பு செய்தால் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

நோட்டக்கா இந்த வேலையில் பதினேழு வருஷம் தேறியவள். கக்கத்தில் ஒரு தடித்த நோட்டு, காதில் பென்சில், கழுத்தில் சின்னதாக ஒரு கேமரா. ஒரு சட்டைப் பொத்தானுக்காகப் பத்துப் பேர் சண்டை போட்டால், சண்டை கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்கும். "மேலேர்ந்து ரெண்டாவது. திறந்திருந்தது," என்பாள். அத்தோடு பேச்சு முடிந்தது. தன் நிழலையே நம்பாத ஒளிப்பதிவாளர்கூட அவளை நம்புவார். ஒரு கதாநாயகன் தன் கல்யாண நாளையே அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான் என்று ஒரு கதை உலவியது. அது சுத்தப் பொய், ஆனால் அவளே அதை மறுத்ததில்லை.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குப் போனால் மறதிக்காரி. அந்த வியாதியைக் கண்டுபிடித்தவர் அவளுடைய கணவர்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இருட்டறையில் நோயாளியை உட்கார வைத்து, ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா? இல்ல, இப்பவா?" என்று கேட்பார். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே பெரியவர்கள் தேவையில்லாமல் கண் பரிசோதனைக்கு வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. தினமும் சாயங்காலம் மனைவியை அழைத்துப் போகப் படப்பிடிப்புக்கே வந்துவிடுவார், மழையென்றால் குடையோடு. யூனிட்டில் இருந்த பெண்கள் அவரைப் பார்த்துவிட்டுத் தங்கள் கணவன்மாரை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள். தங்கமான மனுஷன் என்று பேர். அந்தத் தங்கத்தை யாரும் உரசிப் பார்க்கவில்லை.

வீட்டில் பொருள்கள் இடம் மாறும். குளியலறையில் வைத்த சீப்பு சமையலறையில் இருக்கும். பையில் போட்ட சாவி செருப்புக்குள் கிடக்கும். "நேத்து நீதானே இங்க வெச்ச," என்பார் அவர், வில்லை மாற்றுகிற அதே குரலில்.

"நான் வெக்கலையே."

"உனக்கு ஞாபகம் இல்ல. அதுதாம்மா உன் பிரச்சினையே."

முதல் வருஷம் அவள் வாதாடினாள். இரண்டாம் வருஷம் சந்தேகப்பட்டாள். மூன்றாம் வருஷத்திலிருந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். ஒருநாள் மட்டும் விடாப்பிடியாக நின்று, "நான் வெக்கல" என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். அவர் அவள் மேல்கையைப் பிடித்துத் திருகினார், சட்டைக் கை மறைக்கிற இடமாகப் பார்த்து. மறுநாள் அந்தக் கன்றிப்போன இடம், அவளே கதவில் இடித்துக்கொண்டு அவளே மறந்துபோன ஒன்றாக ஆகிவிட்டது. மறந்துவிடுவாள் என்பதற்காக அவளுடைய சான்றிதழ்களையும் அடையாள அட்டைகளையும் அவரே வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. எவ்வளவு அக்கறை பாருங்கள்.

இரண்டு தடவை கிளம்பிப் பார்த்தாள். முதல் தடவை அவளுடைய சொந்த அக்கா வீட்டுக்குப் போனாள். "அந்த மனுஷன் அதிர்ந்துகூடப் பேசமாட்டாரேடி, நீ எதையாவது நெனச்சிக்கிட்டு வந்து நிக்காத," என்று அக்கா அன்றைக்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். இரண்டாவது தடவை பஸ் நிறுத்தம்வரை போனாள். அவர் பின்னாலேயே வந்து, "அடுப்ப அணைக்காம வந்துட்டியே," என்றார். அணைத்தோமா இல்லையா என்று அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஏழு வருஷக் குடித்தனத்தில் அவளை அவ்வளவு பயமுறுத்தியது வேறெதுவும் இல்லை. தன் புத்தியே தன்னைக் கைவிட்டுவிட்டது என்று அன்று முடிவு கட்டினாள். அந்தப் புத்தியை நம்பி எங்கே போய் எப்படிப் பிழைப்பது?

இந்த நிலைமையில்தான் அந்தப் படம் வந்தது. கணவனிடம் மாட்டிக்கொண்டு, தன் மூளையையே சந்தேகப்பட ஆரம்பித்து, கடைசியில் தப்பித்து ஓடுகிற ஒரு பெண்ணின் கதை. திகில் படம். கதையைச் சொல்லி முடித்த டைரக்டர் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். நோட்டக்கா ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை எடுத்து இன்னொரு தடவை சீவினாள்.

டைரக்டருக்கு இது முதல் படம். பேச்சு முழுக்க உலகத்தரம், கையிலிருந்தது இரண்டே விளக்கு. அதில் ஒன்று மனசு வைத்தால்தான் எரியும். மழைக் காட்சிக்குப் பூவாளி. கதாநாயகிக்கு உடுப்பு, மேக்கப் போடுகிற பெண்ணின் வீட்டிலிருந்து. கொடுமைக்காரக் கணவனாக நடிக்க வந்தவர் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறவர். ஆள் பார்க்கப் பயங்கரமாக இருப்பார். வாயைத் திறந்தால், "தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நின்னுக்கோங்க, இப்ப நான் மெரட்டப் போறேன்," என்பார். மிரட்டி முடித்ததும் மன்னிப்புக் கேட்பார்.

எல்லாக் காட்சியும் ஒரே வீட்டுக்குள். தருவதாகச் சொல்லியிருந்த வீட்டுக்காரர் படப்பிடிப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது கைவிரித்துவிட்டார். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில் குடையோடு வந்து நின்றார் கண்ணாடிக் கடைக்காரர். "இதுக்கா இவ்வளவு கவலை? எங்க வீட்ல எடுத்துக்கோங்களேன்," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வேலை நேரத்திலும் மனைவியைக் கண்ணெதிரில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு. மறதியில்லாமல் நோட்டக்கா இருந்த ஒரே இடம் வேலைதான், அதுவும் இப்போது அந்த வீட்டுக்குள் வரப்போகிறது.

வந்தது. சோபாவுக்கு நான்கு காலிலும் நாடா ஒட்டி அடையாளம் போட்டாள். சமையலறை மேடை, புத்தக அடுக்கு, கண்ணாடி மேசை எல்லாவற்றையும் படம் எடுத்தாள். மாலையில் படப்பிடிப்பு முடிந்ததும் இன்னொரு தடவை எடுத்தாள். வேலை என்று வந்துவிட்டால் அவளுக்குக் கை தானாக ஓடும்.

மூன்றாம் நாள் காலை சர்க்கரை ஜாடி அடுப்புக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தது.

"இது இங்க எப்படி வந்துச்சு?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"நேத்து நீதானே அங்க வெச்ச," என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"மறந்துட்டேன் போல," என்று சொல்லிக்கொண்டே ஜாடியை எடுத்தாள். இடது பக்கத்தில் சரியாக எந்த இடம் என்று பார்ப்பதற்காகக் கேமராவைத் திறந்தாள். முந்தின நாள் கடைசி வேலையாக எடுத்த படம் அதில் இருந்தது. ஜாடி இடது பக்கம். அதற்குப் பிறகு அவள் சமையலறைப் பக்கமே வரவில்லை. சாப்பிட்ட தட்டைக்கூட மேக்கப் பெண்தான் கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு வழக்கமாக ஒரு படப்பிடிப்பில் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, நாள், இடம், பொருள், எங்கே இருந்தது, எங்கே இருக்கிறது என்று எழுதினாள். நான்காம் நாள் காலை சுவர்க்கடிகாரம் பத்து நிமிஷம் பின்னால் போயிருந்தது, அவள் செருப்பு பால்கனிக்குக் குடிபோயிருந்தது. ஐந்தாம் நாள் மூன்று பொருள். எட்டாம் நாளுக்குள் பதினான்கு சேர்ந்தன. பதினான்குக்கும் படம் இருந்தது. ஒன்றில்கூட அவள் கை படவில்லை.

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். அவர் செய்ததை நினைத்து அழுகை வரவில்லை. தனக்கு ஒன்றுமில்லை, தன் புத்தி இத்தனை நாளும் தன்னோடேதான் இருந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில் வந்த அழுகை அது. அன்று அவள் அணைத்த அடுப்பும் அணைத்த அடுப்புதான்.

ஆனால் படங்களை யாரிடம் காட்டுவது? சர்க்கரை ஜாடி ஒரு சாண் நகர்ந்ததைக் காட்டி, என்னைக் காப்பாற்றுங்கள் என்றால் அக்கா என்ன சொல்வாள் என்று அவளுக்கே தெரியும். அவளுக்கு ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியை அவர்தான் ஏற்பாடு செய்து கொடுத்தார். அவருடைய நல்ல மனசின் கணக்கில் இதையும் எழுதிக்கொள்ளலாம்.

ஒன்பதாம் நாள் படத்தின் முக்கியமான காட்சி. கணவன் சாவியை ஒளித்துவைத்துவிட்டு, அவள்தான் தொலைத்தாள் என்று அவளையே நம்பவைக்க வேண்டும். நீச்சல் வாத்தியார் பதினோரு டேக் வாங்கினார். ஒவ்வொன்றிலும் அவரே சாவியைத் தொலைத்துவிட்டு வருத்தப்படுகிறவரைப் போல இருந்தார். டைரக்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு அதற்குள் சினிமா பிடிபட்டிருந்தது. எழுந்து வந்து, "கத்தக் கூடாது தம்பி. கத்தினா அவ எதிர்த்துப் பேசுவா. மெதுவாக் கேக்கணும். நான் காட்டவா?" என்றார்.

டைரக்டர் துண்டை எடுத்தார். "காட்டுங்க சார்."

அவர் கதாநாயகிக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "சாவி எங்கம்மா வெச்ச? பதறாத, யோசிச்சுப் பாரு. பையிலயா? நிச்சயமா? அப்ப பையில ஏன் இல்ல? பாத்தியா, உனக்கே தெரியல. நான் இல்லன்னா நீ என்ன ஆவ, சொல்லு." சொல்லிக்கொண்டே அந்தக் கையை லேசாகத் திருகினார். புன்னகை அப்படியே இருந்தது.

கதாநாயகி கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். ஒலிப்பதிவு செய்கிறவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். நீச்சல் வாத்தியார் கண்ணாடிக் கடைக்காரரை ஒரு தடவை பார்த்தார், நோட்டக்காவை ஒரு தடவை பார்த்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். இதற்கு ஒத்திகை தேவைப்படவில்லை என்பது அந்த அறையில் அவர் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

"இந்த மாதிரி," என்றார் அவர், பாராட்டை எதிர்பார்த்து.

டீ நேரத்தில் மேக்கப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எத்தனை வருஷமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஏழு."

"என் ரூம்ல இன்னொரு கட்டில் சும்மாதான் கெடக்கு."

நோட்டக்கா தலையாட்டினாள். ஏழு வருஷத்தில் ஒருவர் அவளிடம் நிரூபணம் கேட்காமல் விட்டது இதுதான் முதல் தடவை.

பத்தாம் நாள் தப்பிக்கிற காட்சி. கணவன் சோபாவில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் மனைவி அலமாரியைத் திறந்து, பெட்டியில் அடுக்கி, வாசல் வழியாகப் போய்விடுகிறாள். நீச்சல் வாத்தியார் அன்று தன் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப் போயிருந்தார். கேமராவுக்கு அவருடைய பின்னந்தலை மட்டும் போதும். டைரக்டர் கண்ணாடிக் கடைக்காரரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சார், உங்க கழுத்து அப்படியே பொருந்துது," என்றார். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஓடிப்போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

அலமாரி நிஜமாகத் திறந்திருக்க வேண்டும் என்றாள் நோட்டக்கா, வேலைக் குரலில். காலிப் பெட்டி ஆடும், கனம் இருந்தால்தான் நடை சரியாக வரும் என்றாள். அவர் ஒரு கணம் தயங்கினார். முழு யூனிட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கலைக்காக எதையும் செய்கிற மனிதர் என்று பேர் வாங்க நல்ல சந்தர்ப்பம். சாவியைத் தாமே போட்டுத் திறந்துவிட்டு, சோபாவில் போய் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு விஷயம் சார்," என்றார் டைரக்டர். "என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதீங்க. நீங்க திரும்பினா ஷாட் போச்சு."

வீட்டில் ஒரு ஸ்பூன் விழுந்தால்கூட வந்து எட்டிப்பார்க்கிறவர் அன்று ஒன்பது டேக் அணைந்த டிவியைப் பார்த்தபடி சிலையாக இருந்தார். அதற்குள் கதாநாயகிக்குக் குதிகால் கொப்புளித்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஷாட். தரையோடு கேமரா, பெட்டியும் காலும், ஓரத்தில் சோபாவில் அவர் பின்னந்தலையும் மட்டும்.

நோட்டக்கா டைரக்டரிடம் போய்த் தாழ்ந்த குரலில், "கால் மட்டும்தானே சார். நான் நடக்கறேன்," என்றாள்.

டைரக்டர் பெட்டியைப் பார்த்தார். அவளுடைய சான்றிதழ்கள் இருந்த பழுப்பு ஃபைல் உடுப்புகளுக்கு அடியில் போவதை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். "எது வரைக்கும் நடப்பீங்க?"

"திரும்பி வர்ற மாதிரி இல்ல."

"கட் எப்ப சொல்லட்டும்?" என்று கேட்டார் டைரக்டர்.

"வேன் சத்தம் கேக்காம போனதுக்கு அப்புறம்."

சோபாவுக்குப் பின்னால் ஆறு அடி தூரத்தில் அவள் நடந்தாள். அவருடைய புதிதாக வெட்டிய கழுத்து அவளுக்குத் தெரிந்தது. இப்போது திரும்புவார், இப்போது திரும்புவார் என்று ஒவ்வொரு அடிக்கும் நினைத்தாள். கனமான பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள், இரண்டு மாடி இறங்கினாள். கீழே வேனில் மேக்கப் பெண் கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

மேலே அவர் உட்கார்ந்திருந்தார். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஷாட் கெட்டுவிடக் கூடாதே என்று மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டார். தெருமுனை திரும்பிச் சத்தம் தேய்ந்து போன பிறகும் டைரக்டர் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் கட் சொன்னார். "ரொம்ப நல்லா பண்ணீங்க சார்," என்று சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை சுலபமாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். அவர் எல்லாருக்கும் போன் செய்து, அவளுக்கு மனசு சரியில்லை என்றார், அதே குரலில். இந்தத் தடவை அந்தக் குரலைக் கேட்டிருந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அக்காவிடம் நீச்சல் வாத்தியாரே நேரில் போய்ப் பேசினார், நிறைய மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான். ஃபைல் கையில் இருந்ததால் வக்கீலைப் பார்க்க முடிந்தது, தனி அறை எடுக்க முடிந்தது. அந்த அறையில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருந்தது. முதல் மாதம் முழுக்க அவள் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்த்தாள்.

எடிட்டிங்கில்தான் அந்தக் கோளாறு தெரிந்தது. அதையும் அவளேதான் கண்டுபிடித்தாள். அவள் நடந்துபோன ஷாட்டில் வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அடுத்து வருவது நான்காம் நாளே எடுத்துவிட்ட காட்சி. கணவன் எழுந்து பார்க்கிறான், கதவு சாத்தியிருக்கிறது, மனைவி உள்ளேதான் இருக்கிறாள் என்று அறை அறையாகக் கூப்பிட்டுக்கொண்டு போகிறான். நீச்சல் வாத்தியார் தன்னை மறந்து நடித்த ஒரே காட்சி. அதை வெட்ட முடியாது.

"கதவு சாத்தற மாதிரி ஒரு ஷாட் போதும்," என்றார் டைரக்டர். "அந்த வீட்டுக்குப் போக வேணாம். வேற கதவ வெச்சு எடுத்துடலாமா?"

"பொருந்தாது சார். அந்தக் கதவு படம் முழுக்க வருது."

"அப்ப?"

பதினேழு வருஷமாக ஒரு பொத்தானைக்கூட விட்டுக்கொடுக்காதவள் நோட்டை மூடினாள். "விட்டுடுங்க," என்றாள்.

படம் ஒரு சின்ன அரங்கில் திரையிடப்பட்டது. அறுபது நாற்காலி, அதில் ஐம்பதில் ஆள். முடிந்ததும் கேள்வி நேரம். மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். இப்படி ஒருவர் எல்லாத் திரையிடலுக்கும் வருவார். "அந்தப் பொண்ணு போறப்ப கதவு திறந்து கெடக்கு. அடுத்த ஷாட்ல சாத்தியிருக்கு. இத உங்கள்ல யாருமே கவனிக்கலையா?"

டைரக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கதவுங்கறத நாங்க ஒரு குறியீடாத்தான்..." என்று ஆரம்பித்தார். நோட்டக்கா எழுந்துபோய் மைக்கை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"குறியீடெல்லாம் இல்லைங்க. நான்தான் கன்டினியூட்டி. அந்தக் காலும் என்னோடதுதான். போற அவசரத்துல கதவச் சாத்த மறந்துட்டேன்."

செய்யாத தப்புக்கெல்லாம் வருஷக்கணக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவள் இதற்குக் கேட்கவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள்.